வலியே இல்லாத கல்லுக்கு ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அப்பாவுக்கு ரயில்வே வேலை என்பதால் கல்யாணமான நாளிலிருந்து 26 வருடம் பாட்னா பக்கம் தானாப்பூரில்தான் இருந்தார்கள். அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஸ்ரீரங்கம் வந்துவிட்டோம். போன மாதம் முழுப் பரிசோதனைக்குப் போனபோது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த கையோடு வயிற்று ஸ்கேனும் எடுத்தார்கள். பித்தப்பையில் ஒரே கல், 31 மி.மீ., சுவர் 4 மி.மீ. தடிப்பு என்று ரிப்போர்ட். அம்மாவுக்கு வலி, வாந்தி எதுவும் கிடையாது. பார்த்த டாக்டர் எடுத்துவிடலாம் என்கிறார், "வலியே இல்லாத கல்லுக்கு ஆபரேஷன் எதற்கு" என்று அம்மா மறுக்கிறார். தானாப்பூரில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர் பித்தப்பைப் புற்றுநோய் என்று தெரிந்த நான்கே மாதத்தில் போய்விட்டார், அது என் மனதை விட்டுப் போகவில்லை. பயத்தில் நானே லேபில் அம்மாவுக்கு சிஏ 19-9 (சில புற்றுநோய்களில் ரத்தத்தில் ஏறும் ஒரு பொருளின் அளவு) எடுத்துப் பார்த்தேன். 37க்குள் இருக்க வேண்டுமாம், 41 வந்திருக்கிறது. மாமா வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் ஆப்பிள் ஜூஸ், ஆலிவ் எண்ணெய் வைத்தியம் ஒன்று வந்தது. எனக்கு 33 வயது. என் பித்தப்பையிலும் 4 மி.மீ. பாலிப் (உள் சுவரில் சிறு வளர்ச்சி) இருப்பதாக ஆபீஸ் செக்கப்பில் சொன்னார்கள். நாங்கள் இருவரும் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால். உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்ல அந்த ரிப்போர்ட்டில் எதுவும் இல்லை. அதே சமயம் அந்தப் பித்தப்பையை அப்படியே விட்டுவைக்கவும் எனக்குச் சம்மதம் இல்லை. வெறும் வயிற்றில் மறுபடி ஒரு ஸ்கேன், அப்புறம் நரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் ஒரு சிடி, இரண்டையும் பார்த்துவிட்டு ஆபரேஷன். இந்த வரிசை மாறக் கூடாது. ஏன் மாறக் கூடாது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன், அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்கக் கல்லைப் பற்றித்தான் இருக்கிறது. மாமா கல்லைக் கரைக்கப் பார்க்கிறார், அம்மா கல்லுக்கு வலி இல்லை என்கிறார். சுவர் 4 மி.மீ. என்பதை ஒரே ஒரு இடத்தில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான், உட்காரும்போதே "கல் எவ்வளவு பெரிசு டாக்டர், மாத்திரையில் கரையுமா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். புற்றுநோய் கல்லில் வருவதில்லை. அந்தக் கல் வருடக்கணக்கில் உரசிக்கொண்டு கிடக்கும் பையின் சுவரில் வருகிறது. எனவே ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால் கல்லின் அளவைப் படித்த கண் அடுத்ததாகச் சுவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேட வேண்டும்.

பித்தப்பை என்பது கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு சின்னக் கத்தரிக்காய் அளவுள்ள பை. கல்லீரல் நாள் முழுக்கச் சுரக்கும் பித்தநீரில் கொஞ்சத்தை, 30 முதல் 50 மில்லி வரை, கெட்டியாக்கி வைத்துக்கொண்டு நாம் எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாடு சாப்பிட்டதும் சுருங்கிக் குடலுக்குள் அனுப்பும். அதன் சுவர் 3 மி.மீ.க்குள்தான் இருக்கும். குடலின் சுவரில் இருக்கும் அடுக்குகளில் ஒன்று பித்தப்பைக்குக் கிடையாது, கல்லீரலை ஒட்டிய பக்கத்தில் வெளியுறையும் இல்லை. உள் தோலில் தொடங்கும் புற்று கொஞ்சம் வேர்விட்டாலே தசையைத் தாண்டிக் கல்லீரலுக்குள் போய்விடும். பைக்குள் காலி இடம் நிறைய இருப்பதால் அது வளர்ந்தாலும் எதையும் அடைப்பதில்லை, அடைக்காததால் வலிப்பதுமில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு நான்கு மாதத்தில் முடிந்துவிட்டதே என்று எழுதியிருந்தீர்கள். நோய் நான்கு மாதத்தில் வந்ததாக நினைக்காதீர்கள். கல்லின் உரசல், நாள்பட்ட அழற்சி, உள் தோலின் செல்கள் மெல்ல உருமாறுவது, அப்புறம் புற்று என்று இந்தப் பாதைக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடங்கள் ஆகின்றன. கண்டுபிடிப்பதுதான் கடைசி நான்கு மாதத்தில் நடக்கிறது.

நான் மேற்படிப்பு படித்தது லக்னோவில். அங்கே அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு வரிசைக் கட்டிலில் நான்கு பேராவது இந்த நோயோடு இருப்பார்கள், அதிகமும் ஐம்பதைத் தொட்ட பெண்கள், கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ராத்திரி ரயிலில் வந்தவர்கள். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து கோடு விழுந்து வருவார்கள். படிப்பு முடித்து மதுரைக்கு வந்தபோது மாதங்கள் போயும் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காமல் இருந்தேன். இது என் கண்ணுக்கு மட்டும் பட்ட வித்தியாசம் இல்லை. கங்கைச் சமவெளி, டெல்லி, வங்காளம், அஸ்ஸாம் என்று வடக்கிலும் கிழக்கிலும் இந்த நோய் தெற்கைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைப் புற்றுநோய்ப் பதிவேடுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உலகத்திலேயே அதிகமாக இருக்கும் இடங்களில் தென் அமெரிக்காவில் சிலி, பொலிவியா, அப்புறம் நம் வட இந்தியா, இவையெல்லாம் வரும்.

ஏன் அங்கே என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு மரபணு ஆய்வில், பித்தநீருக்குள் கொழுப்பை அனுப்பும் வேலையைச் செய்யும் ஏபிசிபி1, ஏபிசிபி4 என்ற இரண்டு மரபணுக்களின் மாற்றத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு காட்டினார்கள். நிலத்தடி நீரில் ஆர்செனிக், டைபாய்டு கிருமி பித்தப்பையிலேயே தங்கிவிடுவது, கலப்படக் கடுகெண்ணெய் என்று இன்னும் பல சந்தேகங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. கடுகெண்ணெய் என்றதும் அம்மா பதற வேண்டாம். சந்தேகம் அதில் கலக்கப்படும் பிரமதண்டு விதை எண்ணெயின் மேல்தான். நம் ஊர் தரிசிலும் மஞ்சள் பூப் பூத்து முள்ளோடு நிற்குமே, அதே செடி. 1998இல் டெல்லியில் இந்தக் கலப்படத்தால் உடம்பு வீங்கிப் பலர் இறந்தார்கள். அதன் விஷத்தன்மை தெரிந்த விஷயம், பித்தப்பைப் புற்றுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு இன்னும் முழுதாக நிறுவப்படவில்லை. எப்படியானாலும் 26 வருடம் சமைத்துச் சாப்பிட்டதை இன்று மாற்ற முடியாது. ஆனால் அந்த 26 வருடத்தை ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஸ்ரீரங்கம் என்று விலாசம் இருந்தால் யாரும் தானாப்பூரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

சரி, கல்லுக்கு வருவோம். பித்தப்பைப் புற்று வந்தவர்களில் நூற்றுக்கு 70 முதல் 90 பேருக்குக் கல்லும் இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கல் இருக்கும் நூறு பேரை எடுத்தால் அவர்களில் புற்று வருவது ஒருவருக்கோ, அதிகம் போனால் மூன்று பேருக்கோதான். நம் தெற்கில் இன்னும் குறைவு. அதனால்தான் ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் சிறு கல்லை, தொந்தரவு தராதவரை, தொட வேண்டாம் என்று நாங்களே சொல்கிறோம். இந்த ஆபரேஷன் இன்று எளிதாகிவிட்டது, என்றாலும் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக்குழாயில் காயம் ஏற்படலாம், அது சின்ன விஷயம் இல்லை. தேவையில்லாத ஒருவருக்கு அந்த ஆபத்தைக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது.

அம்மாவின் நிலைமை வேறு. 3 செ.மீ.யைத் தாண்டிய கல் தனி வகை. 1983இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 1 செ.மீ.க்குக் குறைவான கல் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் கல் உள்ளவர்களுக்குப் பித்தப்பைப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு என்று தெரிந்தது. கல் அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றாலே அது பல வருடமாக அந்தச் சுவரோடு கிடக்கிறது என்று அர்த்தம். இதோடு பெண் (ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது), அறுபதை நெருங்கும் வயது, சர்க்கரை, கங்கைக் கரையில் கால் நூற்றாண்டு, இத்தனையும் சேர்கின்றன. உடல் பருமனும் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பருமனால் வரும் புற்றுநோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் பித்தப்பையையும் சேர்த்திருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பெரிய பயம் இல்லை. ஒன்றாகச் சேரும்போது "வலி வரட்டும் பார்க்கலாம்" என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வலி இல்லாததை அம்மா நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். நான் மேலே எழுதியதைப் படித்தால், இந்த உறுப்பின் விஷயத்தில் வலியை நம்பி முடிவெடுக்க முடியாது என்பது அவருக்கே புரியும்.

சிலி நாட்டில் 35 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்குக் கல் உறுதியானால், புற்றைத் தடுக்கும் நோக்கத்திலேயே பித்தப்பையை எடுத்துவிடுவதை 2006 முதல் அரசு உத்தரவாதம் தரும் சிகிச்சையாக்கி இருக்கிறார்கள். நோய் அவ்வளவு அதிகமாக உள்ள நாட்டுக்கு அது நியாயம். தமிழ்நாட்டில் அதை அப்படியே செய்யச் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த 4 மி.மீ. சுவர். இதில்தான் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு சின்ன வரி எனக்கு ரொம்ப உதவியது: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்த கையோடு ஸ்கேன் எடுத்தீர்கள். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கும் என்று சொன்னேன் அல்லவா? ஊதிய பலூனின் ரப்பர் மெல்லியதாக இருக்கும், காற்றை விட்டதும் தடிக்கும். சுருங்கிய பித்தப்பையின் சுவரும் அப்படித்தான், ஒன்றுமே இல்லாமல் 4 மி.மீ. காட்டலாம். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்து எடுத்த ஸ்கேனில் சொல்லும் அளவுதான் அளவு. முழுப் பரிசோதனைப் பேக்கேஜ்களில் இந்தத் தவறு தினமும் நடக்கிறது. அம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுவதால் முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுக் காலையில் முதல் ஆளாகப் போய் ஸ்கேனை முடித்துக்கொள்ளட்டும். மாத்திரை, டிபன் எல்லாம் அதற்குப் பிறகு. காபிகூட வேண்டாம், பால் உள்ளே போனாலே பை சுருங்க ஆரம்பிக்கும்.

சுவர் தடிக்க வேறு காரணங்களும் இருக்கின்றன. டெங்கு வந்தவர்களுக்குச் சுவர் நீர்கோத்துத் தடிக்கும், காய்ச்சல் விட்டதும் சரியாகிவிடும். கல்லீரல் சுருக்கம், இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு, ரத்தத்தில் புரதம் குறைவது, இவற்றிலும் உண்டு. இவற்றிலெல்லாம் தடிப்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். எனக்குக் கவலை தருவது ஒரு பக்கத்தில் மட்டும் தடித்து, உள்பக்கம் மேடு பள்ளமாக, கல்லீரலோடு சேரும் கோடு அழிந்தாற்போல் இருப்பது. ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம் "தடிப்பு சீராக இருக்கிறதா, ஒரு இடத்தில் மட்டுமா, கல்லீரல் பக்கம் எல்லை தெளிவாகத் தெரிகிறதா" என்று கேளுங்கள், அதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தத் தடிப்பைத் தரம் பிரிப்பதற்கென்றே சண்டிகரில் உள்ள பிஜிஐ மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் முன்னின்று ஜிபி-ராட்ஸ் என்று 0 முதல் 5 வரை ஒரு அளவுகோல் உருவாக்கியிருக்கிறார்கள். அந்த எண்ணையும் போட்டுக் கொடுத்தால் எங்களுக்கு இன்னும் வசதி.

வெறும் வயிற்று ஸ்கேனில் சுவர் சரியாகவே இருந்தாலும், இவ்வளவு பெரிய கல்லுக்குப் பின்னால் நிழல் விழுந்து சுவரின் ஒரு பகுதி ஸ்கேனில் தெரியாமல் போகும். அதனால்தான் சிடியும் கேட்கிறேன். அதற்குமுன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்துவிடுங்கள், சர்க்கரை மாத்திரை என்ன என்பதையும் சிடி எடுக்கும் இடத்தில் சொல்லுங்கள். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் செய்ய வேண்டும் என்றால், சாதாரணக் கல் ஆபரேஷனும் புற்றுக்கான ஆபரேஷனும் ஒன்றல்ல. புற்று என்று தெரிந்தால் பித்தப்பையோடு அது ஒட்டிய கல்லீரல் பகுதியையும் பக்கத்து நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், அதைச் செய்யப் பழகிய குழு வேண்டும். தெரியாமல் உள்ளே போய்ப் பையைக் கிழித்துப் பித்தநீர் வயிற்றுக்குள் சிந்திவிட்டால், உள்ளே அடங்கியிருந்த செல்கள் வயிறெங்கும் பரவும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிடியில் கட்டி மாதிரி ஏதாவது தெரிந்து, அது எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால், "ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொல்லும்போது சம்மதிக்காமல் கல்லீரல், பித்தப்பை அறுவைச் சிகிச்சை நிபுணரை முதலில் பாருங்கள். ஊசி போன வழியில் நோய் விதைபோல் விழ வாய்ப்பு உண்டு.

சிஏ 19-9 எண்ணைப் பற்றி இரண்டு நாள் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 41 என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. பித்தக்குழாயில் சின்ன அடைப்பு, கணைய அழற்சி, ஏன், கட்டுப்படாத சர்க்கரையில்கூட அது ஏறும். இன்னொரு பக்கம், நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அந்தப் பொருளைச் சுரக்கும் தன்மையே பிறவியில் கிடையாது, அவர்களுக்குப் புற்று முற்றினாலும் அது ஏறாமலே இருக்கலாம். ஆரம்பத்திலேயே பித்தப்பைப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இன்றைக்கு ஒன்றும் இல்லை. லேப் விளம்பரங்களில் "புற்றுநோய் பேக்கேஜ்" என்று இதைச் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பயந்தவர்களின் பணம் அது. எண் நன்றாக இருக்கிறது என்று நம்பிச் சுவரைப் பார்க்காமல் விட்டவர்களும் அதனால் உண்டு.

மாமாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம். அது வேறு உறுப்பு, வேறு கல். பித்தப்பைக் கல் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கெட்டிப்பட்டு உருவாவது, வாழைத்தண்டுச் சாறு அந்தப் பைக்குள் போவதே இல்லை. பொரியலாகவும் கூட்டாகவும் தாராளமாகச் சாப்பிடட்டும், சர்க்கரைக்கு நல்லது. ஆலிவ் எண்ணெய் வைத்தியம் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. அதைச் செய்தவர்கள் மறுநாள் பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாகக் கல் விழுந்தது என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். அப்படி விழுந்ததை 2005இல் ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தபோது, அது குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பு மாதிரி திரண்டது என்று தெரிந்தது. கல் இருந்த இடத்திலேயே இருந்தது. சர்க்கரை உள்ள ஒருவர் லிட்டர் கணக்கில் ஆப்பிள் ஜூஸ் குடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னக் கொலஸ்ட்ரால் கற்களைக் கரைக்க மாத்திரை உண்டு, ஆனால் 31 மி.மீ. கல்லுக்கு அது உதவாது.

"கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா?" இதை நீங்கள் கேட்கவில்லை, அம்மா கேட்பார். விட்டால் மறுபடி கல் வரும். இத்தனை வருடம் உரசல் பட்ட சுவரும் உள்ளேயே இருக்கும், கவலையே அந்தச் சுவரைப் பற்றித்தான்.

ஆறேழு வருடம் இருக்கும், ஒரு அம்மா என்னிடம் வந்தார். ஐம்பத்து நான்கு வயது. ஒன்றேகால் வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்திருந்தார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில், துளை போட்ட தழும்பின் அடியில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி, தொட்டால் கல்போல இருந்தது. பழைய பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டேன். மகன் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஏழு கற்கள், மஞ்சளும் பழுப்புமாக, பட்டை தீட்டினாற்போல. ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்தார்களாம், டிவிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார்களாம். பித்தப்பை எங்கே என்று கேட்டேன். அதைப் பயாப்சிக்கு அனுப்பவே இல்லை. கல்லை வீட்டுக்குக் கொடுத்தார்கள், பையைக் குப்பைக்குக் கொடுத்துவிட்டார்கள். துளை வழியாகப் பையை இழுத்தபோது தங்கிய புற்றுச் செல்கள்தான் அந்தக் கட்டி. அவருக்கு என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த டப்பாவை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பித்தப்பையை எடுத்தவுடன், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே, பக்கத்து மேஜையில் வைத்து அதை நீளவாக்கில் திறந்து பார்க்காமல் நான் தையல் போடுவதில்லை. நல்ல பித்தப்பையின் உள்பக்கம் பச்சைப் பட்டு மாதிரி வழவழவென்று இருக்கும். விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போவேன். எங்கேயாவது மணல் ஒட்டினாற்போல ஒரு நெருடல், வெளுத்த ஒரு திட்டு, மடங்காத ஒரு கெட்டி இருந்தால் அதில் ஒரு நூலைத் தைத்து அடையாளம் போட்டு அனுப்புவேன். கண்ணுக்கும் விரலுக்கும் ஒன்றுமே தெரியாவிட்டாலும் பயாப்சிக்குப் போயே ஆக வேண்டும். சாதாரணக் கல் என்று நினைத்து எடுத்த பித்தப்பைகளில் இருநூறு, முந்நூறு பேரில் ஒருவருக்காவது இப்படி எதிர்பாராமல் புற்று வெளிவருகிறது. அதுவே இந்த நோயில் கிடைக்கக்கூடிய பெரிய அதிர்ஷ்டம். உள் தோலைத் தாண்டாத நிலையில் அகப்பட்டால், அந்தக் கல் ஆபரேஷனே முழுச் சிகிச்சையாகி, கிட்டத்தட்ட எல்லோருமே நலமாக இருப்பார்கள். தசை வரை போயிருந்தால் சில வாரத்துக்குள் இரண்டாவதாக ஒரு பெரிய ஆபரேஷன் வேண்டும், அதற்கும் நல்ல பலன் உண்டு. தொலைவு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால், அமெரிக்கக் கணக்கில்கூட ஐந்து வருடம் தாண்டுவோர் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான்.

அதனால் அம்மாவின் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: பித்தப்பையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வெளியே எடுப்பீர்களா, முழுப் பையும் பயாப்சிக்குப் போகுமா, ரிப்போர்ட் என்றைக்கு வரும். கேட்பதில் தவறே இல்லை, நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அனுப்புகிறேன் என்று அவர் சொன்னாலும் வேலை முடியவில்லை. ரிப்போர்ட் பத்து நாள் கழித்து வரும், அதற்குள் தையல் பிரித்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், வாங்காத ரிப்போர்ட்டுகள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். காலண்டரில் தேதி குறித்து வைத்து நேரில் போய் வாங்குங்கள், அதை டாக்டரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அப்பாவிடம் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியருக்கான மருத்துவ அட்டை இருந்தால் பொன்மலை ரயில்வே மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், அங்கிருந்து தொடங்கலாம்.

உங்கள் பாலிப் பற்றி. 4 மி.மீ. பாலிப்கள் பெரும்பாலும் சுவரில் ஒட்டிய கொலஸ்ட்ரால் துளிகள், சில சமயம் ஒட்டிக்கொண்ட சின்னக் கல்லையே பாலிப் என்று எழுதிவிடுவதும் உண்டு. 10 மி.மீ. ஆனால் எடுக்க வேண்டும். 6 முதல் 9 மி.மீ.க்குள் இருந்தால் வயது, வடிவம், வேறு நோய்கள் பார்த்து முடிவெடுப்போம். 2022இல் புதுப்பிக்கப்பட்ட ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஆசிய இனத்தவர் என்பதையும் கவனிக்க வேண்டிய அம்சமாகச் சேர்த்திருப்பதால், நீங்கள் ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று, இரண்டு வருடத்தில் ஒன்று என்று மூன்று ஸ்கேன் எடுங்கள், முடிந்தவரை ஒரே இடத்தில், வெறும் வயிற்றில். வளராமல் இருந்தால் அதோடு விட்டுவிடலாம். அதற்கு மாத்திரை எதுவும் வேண்டாம். எடை குறைக்க நினைத்தால் மெதுவாகக் குறையுங்கள், பட்டினி கிடந்து மாதம் எட்டு கிலோ குறைத்தால் அதுவே கல்லை உண்டாக்கும்.

உங்கள் வீட்டுக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை. நம் ஊரில் இந்த நோய் தாமதமாவது இரண்டு இடத்தில். ஒன்று, சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலித்து முதுகுக்கோ வலது தோளுக்கோ போகும் வலியை "கேஸ்" என்று சொல்லி, சோடாவும் அசிடிட்டி மாத்திரையுமாக வருடங்களை ஓட்டுவது. இன்னொன்று மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருக்கச் சொல்வார்கள். இளவயதுக்காரருக்குக் கிருமியால் வந்த காமாலை தானாகவே இறங்கும், இலைக்கு நல்ல பெயர் கிடைக்கும். நாற்பது தாண்டியவருக்கு மஞ்சளோடு உடம்பு அரிப்பு, கடுங்காபி நிறத்தில் சிறுநீர், களிமண் நிறத்தில் மலம், பசியின்மை, எடை குறைவு என்று வந்தால் அது குழாயில் அடைப்பு, ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வலி இல்லாமல் காமாலை வந்து, விலாவுக்குக் கீழே பித்தப்பை கைக்குத் தட்டுப்பட்டால் காரணம் கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் கூர்வாசியே 1890லேயே எழுதி வைத்திருக்கிறார். ஸ்கேன் வசதியே இல்லாத காலம் அது. மூன்று மண்டலம் பத்தியம் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது, முதல் வாரத்தில் ஒரே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொள்ளும்.

கடைசியாக, ஆபரேஷனுக்குப் பிறகு பத்தியச் சாப்பாடுதானா என்று அம்மா நிச்சயம் கேட்பார். பித்தநீரைக் கல்லீரல்தான் சுரக்கிறது, பை இல்லாவிட்டால் அது நேராகக் குடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். முதல் சில வாரம் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு இளகிப் போகும், அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். அப்புறம் சர்க்கரைக்கு என்ன கட்டுப்பாடோ அது மட்டும்தான். வெறும் வயிற்று ஸ்கேனும் சிடியும் எடுத்ததும், படங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். முதலில் சுவரைப் பார்க்கிறேன்.